ஆடிய கால் நின்ற பிறகு

பிரையன் கிளஃப் 1935 மார்ச் 21 அன்று இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள மிடில்ஸ்பரோ நகரில் பிறந்தார். எஃகு ஆலைகளும் ரசாயன ஆலைகளும் சோறு போட்ட ஊர் அது. தந்தை மிட்டாய் செய்யும் இடத்தில் வேலை பார்த்தார். பிள்ளைகள் நிறைந்த வீடு. 11 வயதில் எழுதிய தேர்வில் தவறியதால் மேல்படிப்புக்கான பள்ளியின் கதவு அவருக்கு அடைபட்டது. 15 வயதில் ஒரு சான்றிதழும் இல்லாமல் வெளியே வந்து ஐ.சி.ஐ. ரசாயன ஆலையில் சேர்ந்தார். பிறகு கட்டாயப் படைச்சேவைக்காக விமானப்படையில் இருந்தார். இளமைக் கதை இவ்வளவு போதும். கால்பந்தைத் தவிர அவருக்குப் பிழைக்க வேறு தொழில் தெரியாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் நடந்தவற்றின் கனம் விளங்கும்.

1955இல் சொந்த ஊர் அணியான மிடில்ஸ்பரோவுக்கு முன்கள ஆட்டக்காரராக இறங்கினார். அந்த அணி அப்போது இரண்டாம் டிவிஷனில் இருந்தது. அங்கே 213 லீக் ஆட்டங்களில் 197 கோல்கள். 1961இல் சண்டர்லேண்டுக்கு மாறிய பிறகு 61 ஆட்டங்களில் 54. மொத்தம் 274 ஆட்டங்களில் 251 கோல்கள் என்பது இங்கிலாந்து லீக்கில் பெரும் கோல்வீரர்களுக்கும் எட்டாத விகிதம். ஏறக்குறைய முழுவதும் இரண்டாம் டிவிஷனில் அடித்தவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாட்டு அணிக்காக 1959இல் இரண்டே ஆட்டங்கள் ஆடினார், கோல் இல்லை. பந்தை எடுத்துக்கொண்டு நாலு பேரைக் கடந்து போகும் வித்தைக்காரர் அல்லர். பந்து எங்கே வந்து விழும் என்று முன்கூட்டித் தெரிந்து அங்கே நிற்பார். வந்ததும் வலைக்குள் அனுப்புவார். அவ்வளவுதான் அவர் வித்தை.

இவ்வளவு கோல் அடித்தும் மிடில்ஸ்பரோ முதல் டிவிஷனுக்கு ஏறவில்லை. முன்னால் அவர் அடிக்க அடிக்கப் பின்னால் தற்காப்பு ஓட்டைக் குடமாக ஒழுகியது. 1960 அக்டோபரில் சார்ல்டன் அணியுடன் ஆடிய ஆட்டம் 6-6 என்று முடிந்தது. அதில் மூன்று கோல் கிளஃப் அடித்தவை. மூன்று கோல் அடித்தவன் ஒரு வெற்றிகூட இல்லாமல் உடை மாற்றும் அறைக்குத் திரும்பினால் என்ன நினைப்பான்? சக ஆட்டக்காரர்களிடம் அவர் சண்டை பிடித்தார். அணியில் அவரைப் பிடிக்காதவர்கள் கூடினார்கள். ஆனால் அந்த ஆற்றாமைதான் அவருடைய பிற்காலப் பாடத்திட்டத்தின் முதல் வரி ஆயிற்று. மேலாளராக அவர் அமைத்த அணிகள் எல்லாம் பின்னாலிருந்து கட்டப்பட்டவை. 1977-78இல் அவருடைய நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 42 லீக் ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் 24 மட்டுமே.

மிடில்ஸ்பரோவில் இன்னொன்றும் வாய்த்தது. பீட்டர் டெய்லர் என்ற கோல்கீப்பர் அங்கே இருந்தார். நாட்டிங்ஹாமில் பிறந்தவர், கிளஃபைவிட ஏழு வயது மூத்தவர். முதல் அணிக்குக்கூட வராத இளைஞனாகக் கிளஃப் இருந்தபோதே இவன் பெரிய ஆள் என்று கண்டு ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர்தான். முன்கள ஆட்டக்காரனின் கண்ணுக்கு எதிரே இருக்கும் வலை மட்டுமே தெரியும். கோல்கீப்பரோ 90 நிமிடமும் 21 பேரையும் பார்த்துக்கொண்டு நிற்பவர். யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் பந்துக்கு ஒளிகிறார், யார் கேட்காமலே ஓடி வந்து உதவுகிறார் என்பதெல்லாம் அவருக்குப் பழகிப்போகும். பின்னாளில் ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் டெய்லருக்கு இருந்த கண் அந்தக் கோல்கம்பங்களுக்கு நடுவே உருவானதாக நினைக்க இடமுண்டு.

1962 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சண்டர்லேண்டின் ரோக்கர் பார்க் மைதானம். தரை உறைந்து இறுகிக் கிடந்தது. எதிரணி பெரி. அந்தப் பருவத்தில் கிளஃப் அதுவரை 24 லீக் ஆட்டங்களில் 24 கோல் அடித்திருந்தார். பந்தைத் துரத்திக்கொண்டு ஓடியவரும் அதைத் தடுக்கப் பாய்ந்த கோல்கீப்பர் கிறிஸ் ஹார்க்கரும் மோதிக்கொண்டார்கள். கிளஃபின் வலது முழங்காலில் ஜவ்வுகள் கிழிந்தன. தொடை எலும்பையும் கணைக்கால் எலும்பையும் உள்ளே குறுக்காகப் பிணைத்து வைத்திருக்கும் ஜவ்வு அறுந்தால், நேராக நடக்க முடியும். ஓடுகிறபோது சட்டென்று திரும்ப முடியாது. அரை நொடித் திருப்பத்தில் பிழைப்பை வைத்திருக்கும் முன்கள ஆட்டக்காரனுக்கு அதற்குமேல் பறிபோக ஒன்றும் இல்லை. இன்று அறுவைச் சிகிச்சையில் ஜவ்வை மாற்றிப் பொருத்தி, ஓராண்டுக்குள் பலர் திரும்பிவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் தொழிலின் முடிவு.

அந்தப் பருவத்தின் இறுதியில் சண்டர்லேண்டும் செல்சியும் ஒரே புள்ளியில் நின்றன. கோல் சராசரியில் செல்சி மேலேறியது. கிளஃப் ஆடியிருந்தால் இன்னும் சில கோல்கள் விழுந்திருக்கும் என்று அன்று சண்டர்லேண்டில் யாரும் எண்ணாமல் இருந்திருக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு அணி மேலேறியது. 1964 செப்டம்பரில், இருபது மாதங்களுக்கு மேல் கழித்து, கிளஃப் முதல் டிவிஷனில் மூன்று ஆட்டங்கள் ஆடினார்; லீட்ஸ் அணிக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். கால் ஒத்துழைக்கவில்லை. 29 வயதில் ஆட்டம் முடிந்தது. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இராது என்பது வழக்கு. ஆசை போகாது என்ற அளவில் அது உண்மைதான். கால் போய்விட்டால் அந்த ஆசை எங்கே போய்த் தங்கும் என்பதை வழக்கு சொல்லவில்லை.

பார்க்கப்போனால் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் இந்தக் கேள்வி வரும். முப்பத்தைந்து வயதுக்குள் தொழில் முடிந்துவிடும் பிறவி அது. மற்றவர்களுக்கு வேகம் மெல்லக் குறையும். முதல் அணியிலிருந்து இரண்டாம் அணிக்கு, பெரிய ஊரிலிருந்து சின்ன ஊருக்கு என்று படிப்படியாக இறங்கி மனம் பழகிக்கொள்ளும். கிளஃபுக்கு அந்தப் படிகள் கிடைக்கவில்லை. முழு பலத்தில் இருந்தவனின் கையிலிருந்து வேலை பிடுங்கப்பட்டது. சண்டர்லேண்டின் அப்போதைய மேலாளர் ஜார்ஜ் ஹார்ட்விக், இளைஞர் அணியைப் பார்த்துக்கொள்ளும்படி அவரை அழைத்தார். சும்மா உட்கார்ந்து குமைந்துகொண்டிருந்தவருக்கு அது மருந்தாக அமைந்தது. பதினாறு பதினேழு வயதுப் பையன்களை ஓடவைத்து, பந்தைக் கொடுக்கவைத்து, திட்டி, தட்டிக்கொடுத்துப் பார்த்தபோது தன் குரல் அவர்களிடம் செல்லுபடியாகிறது என்பதை அவர் கண்டுகொண்டார். கால் செய்த வேலையைக் குரலால் செய்ய முடியும் என்பது அவருக்குத் தெரிந்தது அங்கேதான்.

இங்கிலாந்துக் கால்பந்தில் மேலாளர் என்ற பதவி பயிற்சியாளர் என்ற சொல்லுக்குள் அடங்காது. அந்த நாட்களில் யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரை ஆடவிடுவது, என்ன சம்பளம் என்பதிலிருந்து செய்தியாளர்களுக்குப் பதில் சொல்வதுவரை எல்லாம் ஒருவர் தலையில்தான் விழும். மேலே கழகத்தின் தலைவரும் இயக்குநர்களும் இருப்பார்கள். அவர்கள் பெரும்பாலும் உள்ளூர் வியாபாரிகள். நல்ல ஆட்டக்காரர் நல்ல மேலாளராக வேண்டும் என்ற விதி ஏதும் இல்லை. உடம்பு தானாகச் செய்ததை வாயால் சொல்லத் தெரியாமல் தோற்ற மேதைகள் பலர். தனக்கு எளிதாக வந்தது அடுத்தவனுக்கு ஏன் வரவில்லை என்று அவர்கள் எரிச்சலடைவார்கள். கிளஃப் இந்தக் குழியில் விழாததற்குக் காரணம், தன்னைப்போல் ஆடு என்று அவர் யாரிடமும் கேட்காததுதான். உனக்கு எது வருமோ அதை மட்டும் செய், பந்து கிடைத்தால் நம்மவனிடம் கொடு, நடுவரிடம் வாதாடாதே. இந்த மூன்றுக்குமேல் அவர் அதிகம் சொன்னதில்லை.

1965 அக்டோபரில் 30 வயதில் ஹார்ட்டில்பூல்ஸ் யுனைடெட் அணியின் மேலாளரானார். லீக்கின் மேலாளர்களில் அவரே இளையவர். நான்காம் டிவிஷனின் அடிமட்டத்தில் கிடந்து, லீக்கில் நீடிக்க மற்ற கழகங்களின் வாக்கைக் கேட்டு விண்ணப்பிப்பதே வழக்கமாகிப்போன அணி அது. கூரை ஒழுகும் மைதானம், காலிக் கஜானா. கிளஃப் செய்த முதல் வேலை, பர்ட்டன் ஆல்பியன் என்ற சிறு அணியை நடத்திக்கொண்டிருந்த டெய்லரை அழைத்துக்கொண்டது. அவரும் குறைந்த சம்பளத்துக்கு வந்தார். கழகத்துக்குப் பணம் திரட்ட கிளஃப் மதுக்கடை மதுக்கடையாகப் போய்ப் பேசினார். அணியின் பேருந்தைத் தானே ஓட்டுவதற்கு உரிமம் எடுத்தார். கழகத் தலைவர் இருவரையும் வெளியேற்றப் பார்த்தார். கடைசியில் தலைவர்தான் போனார். 1966-67இல் அணி எட்டாம் இடத்தில் முடித்தது.

அங்கே ஜான் மெக்கவர்ன் என்ற பள்ளி மாணவனைக் கிளஃப் 16 வயதில் களமிறக்கினார். ஓடும்போது பார்க்க அழகாக இராது, வேகமும் கிடையாது. பார்வையாளர்கள் பலமுறை கேலி செய்திருக்கிறார்கள். ஆனால் எந்த நெருக்கடியிலும் பந்துக்காகக் கை காட்டுவான், ஒளியமாட்டான். கிளஃப் அடுத்துப் போன டார்பிக்கும் லீட்ஸுக்கும் நாட்டிங்ஹாமுக்கும் அவரைக் கூடவே கொண்டுபோனார். ஹார்ட்டில்பூலில் கண்டெடுத்த அந்தப் பையன்தான் 1979லும் 1980லும் அணித்தலைவராக நின்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கினான்.

1967இல் இரண்டாம் டிவிஷனில் இருந்த டார்பி கவுண்டிக்கு இருவரும் போனார்கள். முதல் பருவம் 18ஆம் இடம். முந்தைய ஆண்டைவிட ஒரு படி கீழே. ஆனாலும் அடித்தளம் அப்போதே விழத் தொடங்கியிருந்தது. டிரான்மியர் அணியின் ராய் மெக்ஃபார்லண்ட் என்ற 19 வயதுத் தற்காப்பு ஆட்டக்காரரை இரவில் வீடு தேடிப்போய்ப் படுக்கையிலிருந்து எழுப்பிக் கையெழுத்து வாங்கினார்கள். 1968இல் வந்தவர் டேவ் மக்காய். டாட்டன்ஹாமில் எல்லாம் வென்று முடித்து, 33 வயதில் சொந்த நாடான ஸ்காட்லாந்துக்குத் திரும்பவிருந்தவர். அவரை நேரில் போய்ப் பேசி மாற்றினார் கிளஃப். அங்குமிங்கும் ஓடும் நடுக்களத்திலிருந்து இறக்கி, பின்னால் மெக்ஃபார்லண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். ஓட்டம் குறைந்தவருக்கு ஓட்டம் தேவைப்படாத இடம். அங்கிருந்து அவர் இளைஞர்களுக்கு வழிகாட்டினார். மறு ஆண்டே இரண்டாம் டிவிஷன் வெற்றி. மக்காய் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதை டோனி புக் என்ற ஆட்டக்காரருடன் பகிர்ந்துகொண்டார். கால் தளர்ந்தவனுக்கு இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று தேடிப்பார்க்கும் பொறுமை, தன் கால் போன ஒருவருக்கு இருந்ததில் வியப்பில்லை.

1972இல் டார்பி வரலாற்றில் முதன்முறையாக இங்கிலாந்தின் லீக் சாம்பியன் ஆனது. தன் ஆட்டங்களை எல்லாம் முடித்துவிட்டு மற்ற அணிகளின் முடிவுக்காகக் காத்திருந்த நேரத்தில் பட்டம் உறுதியானது. ஆட்டக்காரர்கள் டெய்லருடன் மயோர்க்கா தீவில் இருந்தார்கள், கிளஃப் பெற்றோருடன் சில்லி தீவுகளில் விடுமுறையில் இருந்தார். மறு ஆண்டு ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் யுவென்டஸிடம் தோற்றார்கள். அதற்குள் தொலைக்காட்சியிலும் செய்தித்தாள்களிலும் கிளஃப் பேசாத பொருள் இல்லை என்றாகிவிட்டது. கழகத் தலைவருடன் முற்றிய சண்டையில் 1973 அக்டோபரில் இருவரும் விலகினார்கள். ஊர் மக்களும் ஆட்டக்காரர்களும் போராடியும் பதவி திரும்பவில்லை. அடுத்து இருவரும் சென்ற பிரைட்டன் அணியில் எதுவும் ஒட்டவில்லை.

1974 ஜூலையில் லீட்ஸ் யுனைடெட் அழைத்தது. நடப்புச் சாம்பியன்; அதன் மேலாளர் டான் ரெவி இங்கிலாந்து அணிக்குப் போயிருந்தார். ரெவியும் மிடில்ஸ்பரோக்காரர்தான். லீட்ஸின் முரட்டு ஆட்டத்தைப் பல ஆண்டுகளாகப் பகிரங்கமாகத் தாக்கிவந்த கிளஃப், அதே அணியின் நாற்காலியில் தனியாகப் போய் உட்கார்ந்தார். டெய்லர் பிரைட்டனிலேயே தங்கிவிட்டார். வென்ற பதக்கங்களை எல்லாம் குப்பையில் போடுங்கள், நேர்மையாக வென்றவை அல்ல என்று புதிய மேலாளர் சொன்னதாக அந்த ஆட்டக்காரர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். காயங்களால் அடிக்கடி ஆட முடியாமல் போன எடி கிரேயிடம், நீ குதிரையாக இருந்திருந்தால் எப்போதோ சுட்டுக் கொன்றிருப்பார்கள் என்று சொன்னதும் பதிவாகியிருக்கிறது. ஒரு காயத்தில் வாழ்க்கையே கவிழ்ந்தவர் அப்படிப் பேசினார் என்பதை எப்படி எடுத்துக்கொள்வது? பட்ட வலி மனிதரை இளக்கும் என்பது எல்லோரும் நம்ப விரும்புவது. அது சிலரிடம் தழும்பாக இறுகியும் போகிறது; தன் பழைய நிலையை இன்னொருவரிடம் பார்க்கச் சகிக்காமல் வாய் கடுமையாகிறது. ஆறு லீக் ஆட்டங்களில் ஒரே வெற்றி. 44ஆம் நாள் வேலை போயிற்று.

லீட்ஸ் ஒப்பந்தத்தை முறித்ததற்காகக் கொடுத்த இழப்பீடு பெரியது. அன்றிலிருந்து அவருக்குப் பணக்கவலை இல்லை. வேலை போய்விடுமோ என்ற அச்சமும் இல்லை. பசிக்குப் பயந்து எடுக்கும் முடிவுக்கும் அந்தப் பயம் இல்லாமல் எடுக்கும் முடிவுக்கும் உள்ள தூரத்தை அடுத்த ஐந்து ஆண்டுகளில் பார்க்கலாம்.

1975 ஜனவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். இரண்டாம் டிவிஷனின் நடுவில் கிடந்த அணி. தனியாக இருந்த முதல் பருவம் 16ஆம் இடம், அடுத்தது 8ஆம் இடம். 1976இல் டெய்லர் வந்து சேர்ந்தார். 1977இல் மூன்றாம் இடம் பிடித்து மேலேறினார்கள். 1978இல் லீக் சாம்பியன். 1979 மே மாதம் மியூனிக்கில் மால்மோவை 1-0 என்று வென்று ஐரோப்பிய சாம்பியன். 1980இல் மாட்ரிட்டில் ஹாம்பர்க்கை அதே கணக்கில் வென்று மீண்டும். 1977 நவம்பர் தொடங்கி ஓராண்டுக்கு மேல் 42 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. ஃபாரஸ்ட் 1978க்கு முன்னும் பின்னும் லீக்கை வென்றதில்லை.

ஆட்கள் யார் என்று பார்த்தால் இதன் அருமை இன்னும் தெரியும். முன்கள ஆட்டக்காரராக வந்த முரடர் கென்னி பர்ன்ஸ் தற்காப்பில் நிறுத்தப்பட்டுச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார். கேரி பர்ட்டில்ஸ் உள்ளூர்ச் சிறு அணியிலிருந்து 2,000 பவுண்டுக்கு வாங்கப்பட்டவர். இடப்பக்கம் ஆடிய ஜான் ராபர்ட்சன் எடை கூடியவர், சிகரெட் பிடிப்பவர், ஓட்டத்தில் மந்தம். கழகம் கைவிடவிருந்த நிலையில் இருந்தவர். பந்து அவர் காலுக்கு வந்தால் மட்டும் வேறு மனிதர். அவரைத் துரத்திப் பிடிக்க ஓடவிடாதீர்கள், பந்தை அவர் காலில் கொடுங்கள் என்பதுதான் ஃபாரஸ்டின் ஆட்டத் திட்டத்தில் பாதி. மியூனிக்கில் அவர் தூக்கிப் போட்ட பந்தைத்தான் டிரெவர் பிரான்சிஸ் தலையால் முட்டினார். மாட்ரிட்டின் ஒரே கோல் ராபர்ட்சனுடையது. விலை கொடுத்தும் வாங்கினார்கள்: கோல்கீப்பர் பீட்டர் ஷில்டன், பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கப்பட்ட முதல் பிரிட்டிஷ் ஆட்டக்காரரான பிரான்சிஸ். பயிற்சி குறைவு, ஓய்வு அதிகம். பெரிய ஆட்டத்துக்கு முந்தைய இரவு பயத்தில் விழித்திருக்கக் கூடாதென்று ஆட்டக்காரர்களைக் கூட்டி உட்காரவைத்துக் குடித்துச் சிரிக்கவைத்தார்கள். அந்தச் சிரிப்பைக் கொண்டுவந்தவர் பெரும்பாலும் டெய்லர்.

இதே அணியில் சிலர் நொந்தும் போனார்கள். 1981இல் பத்து லட்சம் பவுண்டுக்கு வந்த ஜஸ்டின் ஃபாஷனு என்ற இளைஞரை, தன்பால் ஈர்ப்புடையோர் கூடும் விடுதிகளுக்குப் போகிறார் என்று கேட்டுக் கிளஃப் அவமானப்படுத்தினார். அதைத் தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். ஒருவருக்கு எது வரும் என்று கண்டுகொள்ளும் கண், அவர் யாராக இருக்கிறார் என்பதை ஏற்கும் மனமாகவும் இருந்திருக்க வேண்டும். அங்கே அது தவறிவிட்டது.

டெய்லர் 1980இல் தங்கள் கூட்டுவாழ்வைப் பற்றிப் புத்தகம் எழுதினார், கிளஃபிடம் சொல்லாமல். 1982இல் ஓய்வு பெறுவதாகச் சொல்லிப் போனவர் அதே ஆண்டு டார்பியின் மேலாளரானார். 1983 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் டெய்லரின் டார்பி கிளஃபின் ஃபாரஸ்டை வென்றது. அதே ஆண்டு கோடையில், கிளஃப் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, டெய்லர் ராபர்ட்சனை டார்பிக்கு ஒப்பந்தம் செய்தார். அத்தோடு பேச்சு நின்றது. தனியாக டெய்லர் டார்பியில் தேறவில்லை. தனியாகக் கிளஃப் இரண்டு முறை லீக் கோப்பை வென்றார், லீக்கில் மூன்று முறை மூன்றாம் இடம் பெற்றார். சிகரத்தை மீண்டும் தொடவில்லை. 1990 அக்டோபரில் மயோர்க்காவில் டெய்லர் இறந்தார். ஏழு ஆண்டுகள் ஒரு சொல்கூடப் பேசாத கிளஃப் இறுதிச் சடங்குக்குப் போனார். நான்கு ஆண்டுகள் கழித்து வெளிவந்த சுயசரிதையை அவருக்கே காணிக்கையாக்கினார். கேட்கவேண்டியவர் காது அப்போது இல்லை.

கடைசி ஆண்டுகளில் குடி அவரைத் தின்றது. ராய் கீன் என்ற அயர்லாந்து இளைஞரை 1990இல் 47,000 பவுண்டுக்கு வாங்கி, லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் நேராகக் களமிறக்கியபோது பழைய கண் இன்னும் மங்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் 1992-93இல் ஃபாரஸ்ட் கடைசி இடத்தில் முடிந்து கீழிறங்கியது. 18 ஆண்டுகளுக்குப் பிறகு அவர் விடைபெற்றார். அணி இறங்குவது உறுதியான அன்று சொந்த மைதானத்து மக்கள் அவருக்காகப் பாடினார்கள், அழுதார்கள். ஆட்டக்காரனாக எப்போது நிறுத்துவது என்று முடிவெடுக்கும் வாய்ப்பே அவருக்கு வரவில்லை, முழங்கால் முடிவெடுத்தது. மேலாளராக அந்த வாய்ப்பு முழுதும் அவர் கையில் இருந்தது. ஒருமுறை பிடுங்கப்பட்டதை அனுபவித்தவர் இரண்டாம் முறை தானாக விட்டுக்கொடுக்க முடியாமல் பற்றிக்கொண்டார் என்று படுகிறது. சிலர் இதை அகந்தை என்பார்கள். அச்சம் என்பதே பொருந்தும்.

2003இல் அவருக்குக் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. 2004 ஆகஸ்டில் அர்செனல் அணி அவருடைய 42 ஆட்டச் சாதனையைக் கடந்தது. செப்டம்பர் 20 அன்று வயிற்றுப் புற்றுநோயால் டார்பியில் காலமானார், வயது 69. ஒன்றையொன்று கண்டால் ஆகாத டார்பி, நாட்டிங்ஹாம் ரசிகர்கள் நினைவுக் கூட்டத்தில் அருகருகே உட்கார்ந்தார்கள். இரு நகரங்களையும் இணைக்கும் ஏ52 நெடுஞ்சாலைக்கு மறு ஆண்டு அவர் பெயர் இடப்பட்டது.

அவருக்கு மூன்று ஊர்களில் சிலை உண்டு. நாட்டிங்ஹாமில் இரு கைகளையும் தலைக்குமேல் கோத்து, கூட்டத்தை வாழ்த்தும் மேலாளராக நிற்கிறார். டார்பியில் டெய்லருடன் சேர்ந்து, கோப்பையோடு. மிடில்ஸ்பரோவின் ஆல்பர்ட் பூங்காவில் இருப்பது இளைஞர் கிளஃப். பூட்ஸைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, வீட்டிலிருந்து மைதானத்துக்கு அன்று நடந்துபோன அதே வழியில் நடக்கிறார்.